ஜோடி வேண்டாம், வரிசை போதும்!

"டான்ஸா? இந்த வயசிலா?" என்று மோவாயில் கை வைக்காதீர்கள், சகோதரிகளே! அமெரிக்காவில், அதுவும் டெக்ஸாஸ் பக்கத்தில், பேரன் பேத்தி எடுத்த பெண்கள்கூட வேலை முடிந்ததும் 'லைன் டான்ஸ்' ஆடப் போகிறார்கள். இதற்குக் கைகோக்க ஆண் துணை வேண்டாம். எல்லாரும் வரிசையாக ஒரே பக்கம் பார்த்து நின்று, ஒரே மாதிரி கால் வைத்தால் போதும். புருஷனுக்கு ஆட்டத்தில் இஷ்டமில்லாதவர், கணவரை இழந்தவர், கல்யாணமே ஆகாதவர் எல்லாருக்கும் அதில் இடமுண்டு.

கிட்டாரும் ஃபிடிலும் சேர்ந்த அங்கத்திய கிராமிய மெட்டுக்குக் 'கன்ட்ரி' என்று பெயர். 1980-ல் வந்த 'அர்பன் கௌபாய்' படம் அந்த ஆட்டத்தை நகரத்துக்கு இழுத்து வந்தது. 1992-ல் 'ஏக்கி பிரேக்கி ஹார்ட்' பாட்டு அதை உலகமெங்கும் பரப்பியது. ரும்பாவோ கியூபா தீவில் ஆப்பிரிக்க வம்சாவளி மக்களிடையே பிறந்தது. 2016-ல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது. ஹாலில் ஆடும் ரும்பா அதிலிருந்து வேறுபட்டது. நிதானமாகக் கட்டம் போட்டு நடப்பது அதன் அழகு. கன்ட்ரி மெட்டுக்கு இந்தக் கட்டத்தைப் பொருத்தி ஆடுகிறார்கள்.

தங்கையின் பிரசவத்துக்காக ஹூஸ்டன் போயிருந்தபோதுதான் நான் இதைக் கற்றேன். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகியும் தங்கை பொழுதுக்கும் அழுதபடி இருந்தாள். "அக்கா, நான் நல்ல அம்மா இல்லையோ?" என்பாள். டாக்டரிடம் கூட்டிப் போனோம். "இது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, உங்கள் குற்றமில்லை" என்று சொல்லி வைத்தியம் ஆரம்பித்தார். வெளியே போய் நாலு பேர் முகம் பார்க்கவும் சொன்னார். பக்கத்து வீட்டு விதவைப் பாட்டி எங்களை டான்ஸ் வகுப்புக்கு அழைத்துப் போனார். முதல் நாள் தங்கை சுவரோரம் நின்றாள். மூன்றாம் வாரம், தப்பான பக்கம் திரும்பி என் மேல் மோதி, வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அழுகை ஒரே நாளில் ஓடிவிடவில்லை. மருந்தும் ஆட்டமும் தூக்கமும் சேர்ந்து மெல்லத்தான் தேறினாள்.

நீங்களும் ஆடிப் பாருங்கள். மொத்தம் 16 எண்ணிக்கைதான்:

1–4: இடது காலை இடப்பக்கம் வையுங்கள். வலது காலைப் பக்கத்தில் சேருங்கள். இடது காலை முன்னே வைத்து, ஒரு எண்ணிக்கை நில்லுங்கள்.

5–8: வலது காலை வலப்பக்கம் வையுங்கள். இடது காலைச் சேருங்கள். வலது காலைப் பின்னே வைத்து நில்லுங்கள். கட்டம் முடிந்தது!

9–12: இடது காலைப் பின்னே ஊன்றுங்கள். பாரத்தை மறுபடி வலது காலுக்குக் கொண்டுவந்து, இடது காலைச் சேர்த்து நில்லுங்கள்.

13–16: வலது காலை முன்னே வைத்து, இடப்பக்கம் கால் வட்டம் திரும்பி, பாரத்தை இடது காலில் போடுங்கள். வலது காலைச் சேர்த்து நில்லுங்கள்.

இப்போது அடுத்த சுவரைப் பார்த்து நிற்பீர்கள். நாலு தடவை ஆடினால் நாலு சுவரையும் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிடலாம். இடுப்பை வேண்டுமென்று ஆட்ட வேண்டாம். முழங்காலை ஒன்று மாற்றி ஒன்று மடக்கி நீட்டினால் இடுப்பு தானாக அசையும்.

சில எச்சரிக்கைகள்: பிரசவமானவர்கள், முக்கியமாக சிசேரியன் ஆனவர்கள், டாக்டரைக் கேட்ட பிறகே ஆரம்பியுங்கள். ஆடும்போது ரத்தப்போக்கோ, வலியோ, அடிவயிற்றில் கனமோ தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ஈரத் தரை கூடாது. திரும்பும்போது பாதத்தைத் தரையில் அழுத்தியபடி முழங்காலை முறுக்காதீர்கள். காலைத் தூக்கி வையுங்கள். பிரசவத்துக்குப் பின் அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் "எல்லாம் சரியாகிவிடும்" என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிஷம் மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி வீதம் அஞ்சு நாள் ஆடினால் கணக்குச் சரி. குழந்தை தூங்கும் நேரத்தில் ரேடியோவைச் சன்னமாக வையுங்கள். நாலு நாலாக எண்ண வரும் எந்த நிதானமான பாட்டும் இதற்குப் பொருந்தும். மாமியாரையும் நாத்தனாரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். வரிசை என்றால் இரண்டு பேராவது வேண்டாமா?