பணிவிடையில் மலர்ந்த ஓவியம்

போர் என்றவுடன் வாளும் வெற்றியும் வீரமரணமுமே நம் நினைவில் எழுகின்றன. காயம்பட்டோனுக்குக் கட்டிட்டவனையும் அவனுக்குப் படுக்கை விரித்தவனையும் வரலாறு பெரும்பாலும் குறிப்பதில்லை. அத்தகையோரையே தம் ஓவியங்களின் பாட்டுடைத் தலைவர்களாக்கியவர் ஆங்கில ஓவியர் ஸ்டேன்லி ஸ்பென்சர் (1891–1959).

தேம்ஸ் ஆற்றங்கரைச் சிற்றூரான குக்கமில் பிறந்த அவர், இலண்டன் ஸ்லேடு கலைப்பள்ளியில் பயின்றவர். முதல் உலகப் போரின்போது, 1915-இல் இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். பிரிஸ்டல் நகரில் மனநோயாளர் விடுதியாக இருந்து படைவீரர் மருத்துவமனையாக மாற்றப்பட்ட போஃபர்ட்டில் அவருக்கு வாய்த்த பணி யாது? தரை கழுவுதல், அழுக்குத்துணி பிரித்தல், தேநீர் நிரப்புதல்! தூரிகை ஏந்திய கரம் துடைப்பம் ஏந்திற்று.

உள்ளம் சோர்ந்திருந்த அந்நாளில், டெஸ்மண்ட் சூட் என்னும் இளைஞரின் நட்பால் புனித அகஸ்டினின் எழுத்து அவருக்கு அறிமுகமாயிற்று. இறைவன் இடையறாது இயங்கிக்கொண்டே அமைதியில் நிலைத்திருக்கின்றான் என்னும் கருத்து அவரைப் பற்றிக்கொண்டது. அவ்வாறாயின், தரை கழுவுவதும் வழிபாடு ஆகலாமன்றோ? அவர்தம் கலையின் திறவுகோல் இவ்வெண்ணமே.

1916-இல் மாசிடோனியப் போர்முனைக்குச் சென்று களமருத்துவப் பிரிவுகளில் பணிபுரிந்தார். 1917-இல் தாமே விரும்பிக் காலாட்படையில் சேர்ந்தார். 1918-இல் அவர்தம் தமையனார் சிட்னி போரில் மாண்டார்.

அவர் 1919-இல் வரைந்த ஓவியமொன்றில், கோவேறு கழுதைகள் காயம்பட்டோரை இழுத்து வருகின்றன. பார்வைகளெல்லாம் ஒளிநிறைந்த அறுவை அறையையே நோக்குகின்றன. துயரத்தினும் பராமரிப்பே அங்கு மேலோங்கி நிற்கிறது.

மாசிடோனியாவில் பணியாற்றி, அங்குற்ற நோயால் மறைந்த சாண்டம் என்னும் படை அதிகாரியின் நினைவாகப் பர்க்கிளியர் என்னும் ஊரில் எழுந்த சிற்றாலயத்தில், 1927 முதல் 1932 வரை ஸ்பென்சர் தீட்டிய ஓவியங்களே அவர்தம் பெரும்படைப்பு. அவற்றுள் போரிடும் காட்சி ஒன்றுகூட இல்லை. படுக்கை விரிக்கின்றனர், தண்ணீர்க் குப்பி நிரப்புகின்றனர், ரொட்டி உண்கின்றனர். குண்டதிர்ச்சியால் மனம் நைந்த வீரனொருவன் தரையோடு தரையாகக் கிடந்து தேய்க்கின்றான். குனிந்த முதுகுகளும் ஓயாத கைகளும் சுவரெங்கும் நிறைகின்றன. நடுச்சுவரில், உயிர்த்தெழுந்த வீரர்கள் தம் கல்லறைச் சிலுவைகளை ஏசுநாதரிடம் ஒப்படைக்கின்றனர். அவரும் பேருருவாய் முன்னிற்கவில்லை. தொலைவில், வீரர்களிடையே ஒருவராய்ச் சிற்றுருவில் அமர்ந்துள்ளார்.

போர் பல கலைஞர்களுக்குச் சினத்தைத் தந்தது. ஸ்பென்சருக்கோ பணிவைத் தந்தது. மாணவச் செல்வங்களே! மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தரை துடைப்பவரை நாம் முகம் நோக்காமலே கடந்து செல்கின்றோம். அவருள் ஒரு ஸ்பென்சர் இல்லையென்று எவர் சொல்ல வல்லார்? அவ்வாறு இல்லாவிடினும், அவர் செய்வது தொண்டேயன்றோ!