பூபதியின் பெயர் தாங்கிய தவளை

கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் அமைந்துள்ள சலீம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையம் 1990ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. பெயரில் பறவை முந்தி நின்றாலும், ஊர்வனவும் இருவாழ்விகளும் அங்கு ஆராயப்பட்டன. அத்துறையில் முன்னின்றவர் முனைவர் சுப்பிரமணியன் பூபதி. பரத்பூரில் மலைப்பாம்புகளையும் நாகப்பட்டினக் கடற்கரையில் கடலாமைகளையும் ஆராய்ந்த அவர், 2014இல் அகத்தியமலைக் களப்பணியின்போது தவறி விழுந்து உயிர்நீத்தார்.

மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், திருவில்லிபுத்தூர்க் காட்டில் கண்டறியப்பட்ட ஊதாத் தவளை இனத்திற்கு 2017இல் ஆய்வாளர்கள் ‘நாசிகாபட்ராகஸ் பூபதி’ எனப் பெயரிட்டனர். இதன் நெருங்கிய உறவினமான ஊதாத் தவளை 2003இல் கேரளத்திலிருந்து அறிவிக்கப்பட்டது. அடுத்த நிலை உறவினங்களோ கடல் கடந்து செஷல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன! நிலப்பரப்புகள் பிரிந்த தொன்மை வரலாற்றுக்கு இத்தவளைகள் உயிருள்ள சான்றுகள்.

கூர்மூக்குடைய இத்தவளை மண்ணுக்குள் கறையான்களை உண்டு வாழ்கிறது. இனம் பெருக்கவே மழைக்காலத்தில் சிறிது காலம் வெளிவருகிறது. ஆதலால், முதிர்ந்த தவளையைக் காண்பதினும் தலைப்பிரட்டைகளைக் காண்பது எளிது. அவை உறிஞ்சும் வாயால் ஓடைப் பாறைகளைப் பற்றிக்கொண்டு, பாசியைச் சுரண்டி உண்டு, ஏறத்தாழ 120 நாள்கள் விரைந்தோடும் நீரிலேயே வளர்கின்றன. இடையில் மழை பொய்த்தாலோ, நீர் வேறு பயனுக்குத் திருப்பப்பட்டாலோ, மேலே காடு பசுமையாகவே நிற்கும். அவ்வோடையின் அவ்வாண்டுத் தலைமுறை மட்டும் இல்லாமற் போகும்.