நீரில் சுருங்கும் விரல்கள்

கிணற்றில் நெடுநேரம் நீந்திவிட்டுக் கரையேறும் பிள்ளைகளின் விரல் நுனிகள் வரிவரியாகச் சுருங்கியிருக்கும். தோல் தண்ணீரில் ஊறிப்போனதுதான் காரணம் என்று வெகு காலமாக நம்பிவருகிறோம். வெறும் ஊறல்தான் என்றால், நரம்பு அறுபட்ட விரலும் அதே தண்ணீரில் சுருங்க வேண்டும். அது சுருங்குவதில்லை! பிரிட்டிஷ் மருத்துவர்கள் தாமஸ் லூயிசும் ஜார்ஜ் பிக்கரிங்கும் 1936இலேயே இதைக் கவனித்து எழுதினார்கள்.

சுருக்கத்தை உண்டாக்குவது நரம்புதான். விரல் நுனியில் வியர்வைத் துளைகள் நெருக்கமாக இருக்கின்றன. அவற்றின் வழியே தண்ணீர் உள்ளே போனதும் அங்குள்ள உப்பின் அளவு மாறுகிறது. கடல்நீரில் சுருக்கம் விழக் கூடுதல் நேரம் ஆவதும் இதனால்தான். இந்த மாற்றம் தன்னியக்க நரம்புகளைத் தூண்ட, அவை விரலின் நுண்ணிய இரத்தக்குழாய்களை இறுக்குகின்றன. இரத்த ஓட்டம் குறைந்து விரலின் சதைப்பகுதி சற்றே வற்றுகிறது. பஞ்சு குறைந்த தலையணையின் உறைபோல, மேல்தோல் மடிந்து கோடுகளாகிறது. நனைந்த விரல் வெளிறித் தெரிவதும் இரத்தம் குறைவதால்தான்.

உடல் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஈரமான பொருள் வழுக்காமல் இருக்க, என்கிறது ஒரு கருத்து. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் 2013இல் நடந்த சோதனையில், சுருங்கிய விரல்கள் நீருக்குள் கிடந்த கோலிக்குண்டுகளை வேகமாக எடுத்து மாற்றின. காய்ந்த குண்டுகளில் அந்த வேகம் கூடவில்லை. மறு ஆண்டே ஜெர்மானிய ஆய்வாளர்கள் செய்து பார்த்தபோது இந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆனால் 2021இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், ஈரப் பொருளைப் பிடிக்கச் சுருங்கிய விரலுக்குக் குறைந்த அழுத்தமே போதுமானதாக இருந்தது. சுருக்கம் உள்ளங்கை, உள்ளங்கால் பக்கமாக மட்டுமே விழுவதைப் பார்த்தால், பிடிமானக் கருத்தில் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

மருத்துவர்களுக்கோ இது இப்போதே உதவுகிறது. கண்ணாடி குத்திக் கையைக் கிழித்துக்கொண்ட இரண்டு வயதுக் குழந்தைக்கு எந்த விரல் மரத்திருக்கிறது என்று சொல்லத் தெரியாது. காயம் ஆறியபின் கையை வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் வைத்துப் பார்க்கிறார்கள். மற்றவை சுருங்க ஒரு விரல் மட்டும் வழவழப்பாகவே இருந்தால், அதற்குப் போகும் நரம்பு அறுந்திருக்கலாம் என்று சந்தேகித்து மேற்கொண்டு சோதிக்கிறார்கள்.