ஆரம்பப் பாடசாலையில் தட்டச்சு: ஐக்கிய அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு குறிப்பு

கையெழுத்தைக் கற்பித்தல் ஆரம்பப் பாடசாலையின் கடமை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. தட்டச்சோ நெடுங்காலமாகக் காரியாலயத் தொழிலாகவே கருதப்பட்டு வந்தது. ஷோல்ஸ் உருவாக்கிய பொறியை 1874இல் றெமிங்ரன் நிறுவனம் சந்தைக்குக் கொணர்ந்தபின், விரலின் வேகம் கூலிக்கு விற்கப்படும் உழைப்புச் சக்தியாயிற்று. இத்திறன் ஐக்கிய அமெரிக்காவின் ஆரம்ப வகுப்புகளுள் நுழைந்த வரலாற்றை நோக்குமிடத்து, கற்பித்தல் முறை பற்றிய வினாவுக்குப் பின்னால் வர்க்கம் பற்றிய வினாவும் நிற்பது புலனாகும்.

1932இல் வூட், ஃபிறீமன் ஆகிய கல்வியியலாளர் இருவர் ஆரம்பப் பாடசாலைகளில் தட்டச்சுப் பொறியின் பயன் பற்றி விரிவானதோர் ஆய்வை வெளியிட்டனர். பொறியைப் பயன்படுத்திய சிறார் கூடுதலாக எழுதினர் என்பது அவர்தம் முடிபுகளுள் ஒன்று. அவ்வாய்வுக்கு ஆதரவளித்தோர் பொறி உற்பத்தியாளர் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. (அதனால் முடிபு பொய் என நாம் கூறவில்லை, வினாவை எழுப்பியோர் யாவர் என்பதையும் கருத்திற் கொள்ளவேண்டும் என்றே கூறுகின்றோம்.) ஆயின், ஆசிரியர் சம்பளத்துக்கே பாடசாலைகள் பல தடுமாறிய பொருளாதார மந்தக் காலம் அது.

2010இல் வெளிவந்து, பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட 'கொமன் கோர்' நியமங்கள், நான்காம் தரத்தினர் ஒரே அமர்வில் ஒரு பக்கமேனும், ஐந்தாம் தரத்தினர் இரு பக்கமேனும் தட்டச்சிடவேண்டுமென வரையறுத்தன. இங்கு தட்டச்சு தொழிற்பயிற்சி அன்று, கட்டுரையாக்கத்தின் உறுப்பு. விசையைத் தேடுவதிலேயே பிள்ளையின் கவனம் செலவாகுமாயின், வாக்கியத்தை அமைப்பதற்கு எஞ்சுவது யாது? சுட்டுவிரல்களை எஃப், ஜே விசைகளிலுள்ள சிறு மேடுகளில் இருத்தி, பலகையைப் பாராது ஏனைய விசைகளைச் சென்றடையும் பழக்கம் அடிக்கடி செய்யும் குறும்பயிற்சிகளாலேயே கைவரும். வேகத்துக்கு முன் பிழையின்மையே வேண்டற்பாலது.

2012இல் நான்காம் தரத்தினருக்கான தேசிய எழுத்துத் தேர்வு பரீட்சார்த்தமாகக் கணனிவழி நடத்தப்பட்டது. 2015இல் வெளியான அதன் பகுப்பாய்வு, உயர்நிலை மாணவர் தாளிலும் பார்க்கக் கணனியிற் சிறப்பாக எழுதினர் என்றும், இடைநிலை, கடைநிலை மாணவர் அத்தகு பயனடையவில்லை என்றும் காட்டிற்று. எழுத்தாற்றலுடன் விசைப்பலகைப் பழக்கமும் அங்கு சேர்த்தே அளக்கப்பட்டது என நாம் கொள்வது தவறாகாது. நியமங்கள் பக்கங்களை எண்ணித் தந்தனவேயன்றி, பாடவேளையையோ பொறியையோ தரவில்லை. வீட்டிற் கணனியில்லாத பிள்ளைக்குப் அக்காலத்தில் பாடசாலைக் கணனி அறையே பெரும்பாலும் பயிற்சிக் களமாயிருந்தது. அவ்வறையும் பல பாடசாலைகளில் தேர்வுக் காலத்தில் வாரக்கணக்காகத் தேர்வுக்கே ஒதுக்கப்பட்டது.