சருகாகித் தோன்றும் அந்துப்பூச்சி

ஊவா மலைச்சரிவில், அப்புத்தளைக்கும் கொஸ்லாந்தைக்கும் இடையே அமைந்தது பெரகல. தேயிலைத் தோட்டம், ஓடையோரக் காடு, லயங்களை அடுத்த வீட்டுத்தோட்டம் என்பன அங்கு நெருங்கிக் கிடக்கின்றன. இத்தகைய நிலத்திற் சருகுக்குக் குறைவில்லை. ஆயினும் செடிகளிடையே சிக்கிய சருகெல்லாம் சருகல்ல. அவற்றுள் ஒன்று, பகலெல்லாம் அசையாதிருக்கும் அந்துப்பூச்சியாதலும் கூடும்.

இலங்கையில் வாழும் இவ்வகைப் பூச்சிகளுட் குறிப்பிடத்தக்கது பழந்துளைக்கும் அந்துப்பூச்சி. யூடோசிமா பலோனியா என்பது அதன் அறிவியற்பெயர். 1763ஆம் ஆண்டில் லின்னேயசு இதனை விவரித்துப் பெயரிட்டார். ஆபிரிக்கா தொடக்கம் பசிபிக் தீவுகள் வரை இது பரந்துள்ளது. சிறகுகள் விரிந்தால் ஏறத்தாழ 8 முதல் 10 சென்ரிமீற்றர் அகலமிருக்கும்.

பகலில் இப்பூச்சி முன்சிறகுகளைக் கூரைபோற் சாய்த்து அமர்ந்திருக்கும். அவற்றின் கபில நிறமும், இலை நரம்பை ஒத்த கோடுகளும், பூஞ்சணம் படிந்தாற்போன்ற புள்ளிகளும் சருகின் தோற்றத்தை முழுமையாக்குகின்றன.

இலங்கைக்கே உரிய கல்லிமா பிலார்க்கசு என்னும் வண்ணத்துப்பூச்சியும் இவ்வாறே சருகு வேடம் பூணுவது. ஆனால் அது சிறகுகளை மேல்நோக்கி மூடி அவற்றின் கீழ்ப்புறத்தைக் காட்டும். அந்துப்பூச்சியோ முன்சிறகின் மேற்புறத்தைக் காட்டும். வழி இரண்டு, பயன் ஒன்று. கல்லிமாவின் உறவினமொன்றைச் சுமாத்திராவிற் கண்ட அல்பிரட் வாலசு, மலாயத் தீவுகளைப் பற்றி 1869இல் வெளியிட்ட நூலில் அதனை வியந்து விவரித்தார்.

இவ்வேடம் பூச்சியின் எண்ணத்தாற் பிறந்ததன்று. டார்வினும் வாலசும் 1858இல் வெளியிட்ட இயற்கைத் தேர்வுக் கொள்கை இதனை விளக்கும். ஓரினத்துப் பூச்சிகள் யாவும் முற்றும் ஒத்தனவல்ல. சருகைச் சற்றே கூடுதலாக ஒத்தது பறவையின் கண்ணுக்குத் தப்பும், தப்பியது பெருகும், அதன் சாயல் வழித்தோன்றல்களுக்குச் செல்லும். எண்ணற்ற தலைமுறைகளாகப் பறவையின் அலகே இவ்வுருவத்தைச் செதுக்கியது எனலாம்.

வேடம் பயன்படாதவிடத்து வேறொரு காப்பும் உண்டு. பூச்சி கலைக்கப்பட்டதும் முன்சிறகு விலக, அதுவரை மறைந்திருந்த பின்சிறகின் செம்மஞ்சள் நிறமும் கரிய குறியும் திடீரெனத் தோன்றும். பறவை திகைக்கும் கணத்திற் பூச்சி பறந்துவிடும்.

பகலில் இத்துணை அடக்கமாயிருப்பது இரவிற் கள்ளனாகின்றது. இதன் உறிஞ்சுகுழலின் நுனி கூரியது, முட்போன்ற பற்களுடையது. தோடை, கொய்யா, மாதுளை முதலிய பழங்களின் தோலைத் துளைத்து இது சாற்றைக் குடிக்கும். குடிக்கும் சாறு சிறிதே; அத்துளை வழியே பூஞ்சணமும் பற்றீரியாவும் புகுதலாற் பழம் முழுதும் அழுகி விழும். தோடைக்குப் பெயர்பெற்ற பிபிலையும் ஊவாவிலேயே உள்ளது. ஆதலின் இப்பூச்சி இம்மாகாணத்தார்க்கு வெறும் வேடிக்கைப் பொருளன்று. முற்றத்தில் இரண்டு தோடை மரம் வைத்திருப்பவர்க்கு ஒரு கிளையின் பழமும் பெரும் இழப்பே.

‘கள்ளன் பெரிதோ, காப்பான் பெரிதோ’ என்னும் வினாவுக்கு விடை பூச்சியின் வாழ்க்கை முறையை அறிவதில் உள்ளது. பழமரத்திற்கு மருந்து தெளிப்பதாற் பயன் குறைவு. ஏனெனிற் குடம்பிகள் அம்மரத்தில் வளர்வனவல்ல. அவை சீந்தில் முதலிய கொடிகளின் இலையை உண்பன. வளர்ந்த பூச்சியோ இரவில் வந்து, உண்டு, பகலில் வேறிடத்தில் ஒளிவது. சீந்தில் சிறந்த மூலிகையாதலின் அதனை அடியோடு அழித்தலும் தக்கதன்று. பழம் கனியுமுன் அதனைப் பையால் மூடிக் கட்டுதலே சிறு தோட்டத்திற்கு ஏற்ற உறுதியான காப்பு.

பகலிற் கூரிய கண்ணுக்கும் சருகே தெரியும். ஆனால் இருளில் விளக்கொளி படும்போது இப்பூச்சியின் கண்கள் தணல்போல் ஒளிரும். பறவைக்காக அமைந்த வேடம், கனிமரத்தடியில் விளக்கேந்தி நிற்பவனிடம் பலிப்பதில்லை.