யார் கழற்றிப் போட்ட பூட்ஸ்?

அழுக்கு மஞ்சள் பின்னணியில் இரண்டு பூட்ஸ். சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒன்றின் மேல்தோல் துவண்டு வெளிப்பக்கம் மடிந்து கிடக்கிறது. மற்றொன்று வாயைத் திறந்தபடி நிற்கிறது. அதன் கயிறு புழுப்போல நெளிந்து தரையில் சுருண்டிருக்கிறது. வேறெதுவும் கிடையாது.

1886-இல் பாரிஸில் வின்சென்ட் வான் கோ வரைந்த எண்ணெய் ஓவியம் இது. அகலம் அரை மீட்டருக்கும் குறைவு. ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரிலேயே உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தச் சின்னப் படத்துக்காகத்தான் பெரிய பெரிய மூளைகள் மல்லுக்கட்டின.

ஜெர்மானியத் தத்துவவாதி மார்ட்டின் ஹைடெக்கர் 1930-களில் கலையைப் பற்றிப் பேசும்போது இதை எடுத்துக்கொண்டார். அவர் கண்ணுக்கு இவை ஒரு விவசாயப் பெண்ணின் காலணிகள். உழவுச் சால், ஈர மண், சாயங்கால நடை, அடுத்த வேளைச் சோற்றுக் கவலை எல்லாவற்றையும் அந்தத் தோலின் இருண்ட வாய்க்குள் பார்த்தார். இத்தனைக்கும், பூட்ஸில் ஒரு மண் கட்டிகூட ஒட்டியிருக்கவில்லை என்று எழுதியவரும் அவரேதான்!

1968-இல் அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷாப்பிரோ மறுத்தார். விவசாயியாவது, வயலாவது? நகரத்தில் குடியிருந்த வான் கோவின் சொந்தக் காலணிகள் இவை என்றார். பத்து வருஷம் கழித்து பிரான்சிலிருந்து தத்துவவாதி ழாக் தெரிதா வந்தார். இவை ஒரே ஜோடிதான் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று இருவரையும் கேட்டார். குறும்புதான், ஆனால் நியாயமான கேள்வி.

வான் கோவுடன் ஓவியம் பயின்ற பிரான்சுவா கோஸியின் நினைவுக் குறிப்பு எனக்கு இந்த வாதங்களைவிடப் பிடிக்கும். பழைய சாமான் சந்தையில் வண்டிக்காரர் ஒருவரின் பூட்ஸை வான் கோ வாங்கினாராம். துடைத்துப் பளபளப்பாக இருந்ததால் வரைய மனம் வரவில்லையாம். ஒரு மழை நாளில் அதைப் போட்டுக்கொண்டு நடந்து, சேறு படிந்த பிறகே வரைந்தாராம். அந்த பூட்ஸ்தான் இந்தப் படத்தில் இருப்பது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உழைப்பின் தடத்தை வரைய, முதலில் நடக்க வேண்டும் என்று நினைத்த மனுஷன் அவர்.

எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவர், குதிகால் தேய்ந்திருப்பதைப் பார்த்தே ஆள் எப்படி நடப்பான் என்று சொல்லிவிடுவார். போன வாரம் வார் அறுந்த செருப்பைக் கொடுத்துவிட்டு, போனில் இந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நனைஞ்சதை எண்ணெய் போடாம அப்படியே காய விட்டிருக்காங்க சார். மடிஞ்ச இடம் பாருங்க, வெறைச்சுப் போச்சு.”

யாருடையது என்று அவர் கேட்கவே இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊசியில் நூல் கோத்தார்.

“தோல் இன்னும் தாங்கும். கொண்டாங்க, தைச்சுத் தர்றேன்.”