நியமனமும் உயிலும்: அங்கத்தினர் அறியவேண்டியவை

நமது சங்கங்களில் அங்கத்தினராகச் சேரும் ஒவ்வொருவரும், தம் காலத்திற்குப் பின் சங்கத்திலுள்ள தொகையைப் பெறவேண்டியவரின் பெயரை எழுதிக் கையொப்பமிடுகின்றனர். இதற்கு நியமனம் என்று பெயர். சேர்ந்த அன்று எழுதிய பெயரைப் பலர் பின்னர் திரும்பிப் பார்ப்பதில்லை. சங்கங்களைப் பரிசோதிக்கும்பொழுது நியமனப் பதிவேட்டைப் புரட்டினால், இருபது வயதில் எழுதிய பெயரே அறுபது வயதிலும் நிற்பதைக் காணலாம். "பெயர் எழுதியாகிவிட்டது, இனி உயில் எதற்கு?" என்று கேட்போரும் உளர். நியமனம் வேறு, உயில் வேறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நியமனத்தின் எல்லை

பணத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று சங்கத்துக்குத் தெரிவிக்கும் ஏற்பாடே நியமனம். அங்கத்தினர் காலமானபின், அவர் தரவேண்டிய கடனைக் கழித்துக்கொண்டு, பங்குத் தொகையையும் வைப்புத் தொகையையும் சங்கம் நியமனதாரரிடம் கொடுக்கும். அத்துடன் சங்கத்தின் பொறுப்பு தீர்ந்தது. அப்பணம் யாருக்குச் சொந்தம் என்பதை நிர்ணயிப்பது உயில். உயில் இல்லாவிடில் வாரிசுரிமைச் சட்டம்.

ஆயுள் இன்ஷூரன்ஸ் வழக்கொன்றில், நியமனதாரர் தொகையைப் பெற்றுக்கொள்பவரேயன்றி அதற்கு உரியவராகிவிடமாட்டார் என்று சுப்ரீம் கோர்ட்டு 1984-ல் தீர்ப்பளித்தது. 2015-ல் இன்ஷூரன்ஸ் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, மக்கள் ஆகியோரை நியமித்திருந்தால் பாலிசித் தொகை அவர்களுக்கே உரியதாகும் என்று ஏற்பட்டது. இது இன்ஷூரன்ஸுக்கு மட்டும் உள்ள விதிவிலக்கு. கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்றைப் பற்றிய வழக்கில், சங்கம் நியமனதாரர் பெயருக்கே உரிமையை மாற்றவேண்டும். ஏனைய வாரிசுகள் தம் பாத்தியதையைத் தனியே கோரலாம் என்று 2016-ல் தீர்ப்பாயிற்று.

ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு நெசவாளர் விவாகத்துக்கு முன் தம் தமையனாரை நியமித்தார். பின்னர் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் வந்தனர், தாயாரும் உடனிருக்கிறார். உயில் எழுதாமல் அவர் காலமானார். சங்கத்தில் கடன் போக ரூ. 48,000 நிற்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, தாய், மகள்கள் இருவர் ஆகிய நால்வருக்கும் தலா ரூ. 12,000 உரியது, தமையனாருக்கு ஒன்றுமில்லை. ஆனால் சங்கம் பணத்தைக் கொடுப்பது அவரிடமே. அவர் நியாயஸ்தராயின் தொல்லையில்லை. இல்லையேல், தறியும் ஓடாமல் கையில் காசுமில்லாமல் நிற்கும் விதவை, கோர்ட்டுப் படியேற நேரிடும். ஒரு படிவத்தை மாற்றி எழுதியிருந்தால் இத்துன்பம் வந்திராது.

உயில் இல்லாவிடில்

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, காலமான ஆண்மகனின் சொந்தச் சொத்தில் மகன், மகள், மனைவி, தாய் ஆகியோருக்குச் சமபங்கு உண்டு. பிதுரார்ஜிதச் சொத்திலும் மகளுக்கு மகனைப்போலவே உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதிலும் 2005-லும் சட்டம் அவ்வாறு திருத்தப்பட்டது. "சீர்வரிசை கொடுத்தாயிற்று" என்பதால் மகளின் பங்கு நீங்கிவிடாது. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பங்கு முறை வேறு. முஸ்லிம் ஒருவர், மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி, கடன் நீங்கிய சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் பிறருக்கு எழுதிவைக்க இயலாது.

உயில் எழுதும் முறை

பதினெட்டு வயது நிரம்பிய, தெளிந்த புத்தியுள்ள எவரும் உயில் எழுதலாம். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டியதில்லை. எழுதியவர் கையொப்பமோ கைந்நாட்டோ இடுவதை இரு சாட்சிகள் கண்ணால் கண்டு, தாமும் கையொப்பமிடவேண்டும். சொத்துப் பெறுபவரைச் சாட்சியாக வைக்காதிருப்பது நலம். பின்னாளில் வழக்கு வந்தால் சாட்சி வேண்டுமாதலால், தம்மினும் இளையவரைத் தேர்ந்துகொள்க. சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் பதிவு செய்வது கட்டாயமன்று. ஆயினும் தகராறைக் குறைக்கும்.

தறி யாருக்கு, வீடு யாருக்கு, எந்தச் சர்வே எண் நிலம் யாருக்கு என்று தெளிவாகக் குறிக்கவேண்டும். உயிலை எழுதியவர் உயிரோடிருக்கும்வரை சொத்து அவருடையதே; எத்தனை முறையும் மாற்றலாம்; கடைசி உயிலே செல்லும். செட்டில்மெண்டு அப்படியன்று. பதிவானதும் உரிமை கைமாறிவிடும். நினைத்தபோது திரும்பப் பெற இயலாது. ஆகவே முதுமையில் ஒதுங்க இடமின்றி எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிடலாகாது.

விவசாயிகளுக்கு ஒரு சொல்

பாட்டனார் பெயரிலேயே பட்டா நிற்குமாயின், பயிர்க்கடன் கேட்கும் நாளில் பேரன் அலையவேண்டியிருக்கும். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் பெற்றுப் பட்டாவைக் காலத்தில் மாற்றிக்கொள்க. அச்சான்றிதழ் வாரிசுகள் யாவர் என்று கூறுமேயன்றிப் பாகம் பிரித்துத் தராது. தகப்பனாரின் கடனுக்கு மக்கள் தாம் அடைந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பாளிகள் என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

உயில் எழுதுவதை அபசகுனமாகக் கருதுவோர் உண்டு. விதைநெல்லைத் தனியே கட்டிவைப்பதை யாரும் அபசகுனம் என்பதில்லை. இதுவும் அத்தகைய முன்னேற்பாடே. அங்கத்தினர்கள் அடுத்த முறை கூலி வாங்கவோ கடன் செலுத்தவோ சங்கத்துக்கு வரும்பொழுது, பதிவேட்டில் தம் நியமனதாரர் பெயரைக் கேட்டறிந்து, வேண்டுமாயின் மாற்றி எழுதி ஒப்புகை பெற்றுக்கொள்க. விவாகம், குழந்தைப்பேறு, நியமனதாரரின் மரணம் ஆகிய ஒவ்வொன்றின் பின்னும் இதைச் செய்யவேண்டும். பாஸ்புத்தகம், பாலிசி, பத்திரம், கடன் விவரம் ஆகியவை எங்கே உள்ளன என்பதை வீட்டில் இருவருக்கேனும் தெரிவித்து வைத்தலும் குடும்பத் தலைவரின் கடமையாகும்.